சிலுவையை மட்டும் விட்டுவிட்டார்

இன்ஜினியர் சஃப்வத் நவீன உலகம் முழுவதையும் தம் மடிக்கணினிக்குள் பிடித்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலைகளில், ஷுப்ரா பேட்டையின் கிறிஸ்தவக் கோயில் கூடத்தில் அதைத் திறந்து திரையில் ஓடவிடுவார். இது கண்ணி, இது விஷம், இது நம் பிள்ளைகளை விழுங்க வந்த வாய் என்று சிவப்பு வெளிச்சம் அடிக்கும் ஒரு பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பேனா இல்லாமல் இந்த மனிதரால் சாப்பாட்டு ஜெபம்கூடச் சொல்ல முடியாது என்பது ஃபெரியாலின் எண்ணம்.

ஃபெரியாலுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அப்படிச் சொல்லும் பெண்களை அங்கே தாசோனி என்று கூப்பிடுவார்கள், அக்கா என்பதுபோல. சஃப்வத்தின் வகுப்புக்கும் அவள் தவறாமல் வந்தாள். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியில் இதையே பார்க்க வேண்டும். இங்கே டீயாவது கிடைக்கும்.

மூன்றாவது செவ்வாய்க்குத் தலைப்பு, 'நம் கொண்டாட்டங்கள் யாருக்குச் சாட்சி?' திரையில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. நடுவில் ஒரு பெண், கைகளைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவுபோல ஒரு மங்கல். தூக்கிய வலது கையின் மணிக்கட்டில் மட்டும், பச்சை குத்திய சிலுவை பளிச்சென்று தெரிந்தது. அதன் கீழ்க்கால் கொக்கிபோல வளைந்திருந்தது.

கூடத்தில் இருந்த எண்பது தலைகளும் ஒன்றாக மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பின.

அங்கே யுஸ்தீனா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் குட்டிப் பிள்ளைகளின் வகுப்பு. அந்தக் கோயிலில் எல்லோர் மணிக்கட்டிலும் பச்சை குத்திய சிலுவை உண்டு; கோணல் சிலுவை அவள் ஒருத்திக்குத்தான். ஏழு வயதில், மார் கிர்கிஸ் புனிதரின் திருவிழாவில் அவளுக்குப் பச்சை குத்தியபோது, கையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஃபெரியால்தான். பலூன்காரன் போனான், பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்தது, ஃபெரியாலின் பிடி தளர்ந்தது, ஊசி வழுக்கிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

யுஸ்தீனா எழுந்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வெளியே போனாள். சஃப்வத் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

டீ ஊற்றும் மேசையருகே ஃபெரியால் அவரைப் பிடித்தாள்.

"முகத்த மறைச்சிருந்தேனே, தாசோனி. யாருன்னே தெரியாதே."

"கை?"

"கையில சிலுவ இருக்கில்ல. அத எப்படி அழிப்பேன்? எனக்குக் கை கூசாதா?"

வெட்கத்தோடு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ தியாகி போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"பொண்ண அழிக்க மட்டும் கூசல."

அது ஆளைப் பற்றியதில்லை, கொள்கையைப் பற்றியது என்றார். உங்கள் மகள் கல்யாணத்தில் கோட்டு கிழியும்வரை கம்பு சுற்றி ஆடினீர்களே, அது எந்தக் கொள்கை என்று ஃபெரியால் கேட்டாள். அது பாரம்பரியம் என்றார். இவ்வளவு படித்த மனிதருக்குப் புளுகக்கூட ஒழுங்காக வரவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் யுஸ்தீனாவின் வீட்டுக்குப் போனாள். அவள் மணிக்கட்டில் அகலமான பிளாஸ்திரி.

"அடிபட்டிடுச்சா?"

"இல்ல. சனிக்கிழம டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். லேசர்ல எடுத்துடுவாங்களாம். மூணு தடவ போனா சுத்தமாப் போயிடுமாம்."

ஃபெரியால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சனத்தில் பேரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, ஊரை விட்டே போனவர்கள் உண்டு. சிலுவையை எடுத்தவர்கள் யாரும் அவளுக்குத் தெரிந்து இல்லை. கோயில் வாசலில் காவல்காரன் அடையாளம் கேட்டால் நீட்டுவது அந்தக் கையைத்தானே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உள்ள வரவே போறதில்ல தாசோனி. யார்கிட்ட நீட்டணும்?"

ஃபெரியால் எழுந்தாள். நேரே அபூனாவிடம் போனாள். பாதிரியாரான அவருக்குச் சண்டை என்றாலே தலைவலி வரும். ஆனாலும் ஃபெரியால் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்ததால், சஃப்வத்தைக் கூப்பிட்டு, அந்தப் பெண் வீட்டுக்குப் போய், நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேள், அதன் பிறகு நற்கருணைக்கு வா என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சஃப்வத் வந்தார். கையில் பஸ்பூஸா டப்பா, பாகில் ஊறிய ரவை இனிப்பு. நோன்புக் காலமாதலால் நெய்யும் பாலும் இல்லாமல், எண்ணெயில் செய்தது. இன்னொரு கையில் மூன்று கால் வைத்த ஒரு சின்னத் தாங்கி. உள்ளே வந்ததும் ஜன்னல் பக்கம் வெளிச்சம் எப்படி என்று பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். தாங்கியில் கைபேசியைப் பொருத்தினார். ஃபெரியால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாழ்மையப் பத்தி இந்தக் காலத்துப் பசங்களுக்கு யாரும் காட்டுறதில்ல" என்றார். "நான் குனியிறத எடுத்துக்கிட்டா, ஆறாவது செவ்வாய்க்கு ரொம்ப உதவும். பயப்படாதம்மா, உன் முகத்த மங்கலாக்கிடுவேன்."

யுஸ்தீனா நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

"முகத்த மங்கலாக்க வேண்டாம் இன்ஜினியர். என்னோடதயும் வேண்டாம், உங்களோடதயும் வேண்டாம். என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால மொதல்ல சொல்லுங்க. அப்புறம் குனியலாம். முழுசா எடுத்து, அதே கூடத்துல, அதே திரையில போடுங்க."

சஃப்வத்தின் காது சிவந்தது. அப்படியெல்லாம் போட்டால் ஊழியத்துக்கு இடறலாகிவிடும், பலவீனமானவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஆரம்பித்தார்.

"அப்ப போனை எடுத்து வச்சுட்டுக் குனியுங்க" என்றாள் ஃபெரியால். "தரை சுத்தமாத்தான் இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார். முட்டிவலி என்றார். எப்படியும் மனதுக்குள் குனிந்துவிட்டதாகவும் ஆண்டவர் அதைப் பார்த்தார் என்றும் சொல்லி, தாங்கியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு கால் மடங்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனார். படியில் அது டங் டங்கென்று இடித்துக்கொண்டே இறங்குவது மூன்று மாடிக்கும் கேட்டது.

யுஸ்தீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இந்த ஆளுக்காகவா கைய சுட்டுக்கப் போறேன்" என்றாள், சிரிப்பு நின்றபிறகு.

ஏதாவது சொன்னால் கெட்டுவிடும் என்று ஃபெரியாலுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"மன்னிப்பத்தான் எடுத்துட்டுப் போயிட்டாரு. பஸ்பூஸாவ விட்டுட்டாரு. தின்னு."

பாகு ஒழுகும் துண்டை யுஸ்தீனா விரலால் எடுத்தாள். பாகு உள்ளங்கையில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. பிளாஸ்திரி ஊறிப் பிசுபிசுத்தது. ச்சீ என்று பிய்த்து, டப்பா மூடியில் ஒட்டிவிட்டு, கோணல் சிலுவையின் மேலிருந்த பாகை நக்கினாள்.

"எண்ணெ ஜாஸ்தி" என்றாள்.

சனிக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தபோது ஃபெரியாலும் யுஸ்தீனாவின் வீட்டில்தான் இருந்தாள். யுஸ்தீனாவின் கை முழுக்கப் பசை. நேற்றைய வகுப்பில் பிள்ளைகள் ஒட்டிய காகித ஆடுகளை அட்டையில் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். நீங்களே எடுங்கள் தாசோனி என்று சைகை காட்டினாள்.

"அவ வரமாட்டா" என்றாள் ஃபெரியால். "வேல இருக்கு."