அடிபட்டால்தான் அவுட்

மாசசூசெட்ஸ்காரனின் விலா எலும்பு பந்தடிக்கென்றே கடவுள் தனியாக வார்த்தது என்று அசாஹெல் திரால் சிரிக்காமல் அறிவித்தான். பூட்ஸ் தைக்கும் கொட்டகையில் இருந்தவர்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். இங்கே ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால்தான் அவுட்; நியூயார்க்கில் ஏதோ புதுச் சட்டமாம். ஓடுகிறவன் மேல் பந்தை எறியக் கூடாதாம்; பந்தோடு போய்த் தொட்டாலே அவன் அவுட்டாம். அசாஹெல் பக்கத்திலிருந்தவன் கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டு, "அவுட்டுடா கண்ணு" என்று கொஞ்சிக் காட்டினான்.

சனிக்கிழமை, கல்யாணமானவர்களுக்கும் பிரம்மச்சாரிகளுக்கும் பந்தயம். அடுத்த வியாழக்கிழமை அசாஹெலுக்குக் கல்யாணம் என்பதால் பிரம்மச்சாரிகள் பக்கம் அவனுக்கு இதுவே கடைசி ஆட்டம். எதிர்ப்பக்கத்தில் கொல்லன் ஓபெட் கிராக்கர். போன ஆட்டத்தில் அவன் எறிந்த எறியில், பிரம்மச்சாரிகள் பக்கம் ஆடிய லூத்தருக்கு முன்பற்கள் போயிருந்தன. லூத்தரின் வாயைப் பார்த்துவிட்டு, அசாஹெலைக் கட்டிக்கொள்ளப்போகிற மெஹிட்டபெல் சொன்னது ஒன்றுதான்: "அந்த வாயோட வந்து நின்னா நான் சம்மதம்னு சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஆட்டத்தன்று, ஓடிப்போய்த் தொட வேண்டிய கம்பங்களில் இரண்டாவதை அசாஹெல் கட்டிப்பிடித்தபடி நின்றான். கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் எறிய முடியாது. அங்கேயே குடித்தனம் வைத்துவிடலாம் என்றிருந்தது. அதற்குள் பிரம்மச்சாரிகளில் ஒருவன் மட்டையை வீசிப் பந்தை அடித்துவிட்டான். ஓடு ஓடு என்று எல்லோரும் கத்த, கால்கள் இவனைக் கேட்காமலே ஓடின. பாதி வழியில் பார்த்தால் பந்து ஓபெட் கையில்.

நடுவில் ஈயக்குண்டு வைத்து, நூல் சுற்றி, தோல் போர்த்திய பந்து. இறுக்கித் தைத்தவனே அசாஹெல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் ஆட்டத்தில் எல்லைக்கோடு கிடையாது. ஓடுகிறவன் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். அசாஹெல் ஓடினான். கற்சுவரைத் தாண்டி, ஆப்பிள் தோப்புக்குள் புகுந்து, வைக்கோல் களஞ்சியத்தின் பின்புறம் வரை ஓடினான். ஆரவாரம் தூரத்தில் மங்கியது. பின்னால் வந்த பூட்ஸ் சத்தம் மட்டும் மங்கவில்லை. ஒரு பக்கம் பன்றிப்பட்டி, முதுகுக்குப் பின்னால் பலகைச் சுவர். நாக்கு தானாகப் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.

ஓபெட் வந்தான். மூச்சு வாங்க நின்றான். கையை ஓங்கினான்.

அசாஹெல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கிடையிலிருந்து ஏதோ வந்தது.

"என்னடா சொல்றே?"

"தொட்டாப் போதும்ணே."

ஓபெட்டுக்குப் புரியவில்லை. "எதைத் தொடறது?"

"என்னைத்தான். பந்தை வச்சு." அசாஹெல் தோப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். யாரும் இல்லை.

"நியூயார்க்குக்காரன் மாதிரியா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுண்ணே."

ஓபெட் பந்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். ஓங்கிய கை இறங்கவில்லை. தொட்டு அவுட்டாக்கினால் தன் பக்கம் ஒத்துக்கொள்ளாதே என்று இழுத்தான். விலாவில் சரியான அடி என்று தானே சொல்லிக்கொள்வதாகவும், வேண்டுமானால் ஒரு வாரம் நொண்டுவதாகவும் அசாஹெல் வாக்குக் கொடுத்தான்.

விலாவில் அடிபட்டவன் எதற்கு நொண்டுகிறான் என்று ஓபெட் கேட்கவில்லை. பந்தோடு ஓர் அடி முன்னால் வந்தான்.

அசாஹெல் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னத்தை நீட்டினான்.