அறுபது லிட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் பிறந்த கதை இது. நண்பர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். உள்ளே உறுத்தியது. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன்.

முதல் வரி: அன்று கடல் அமைதியாக

வேண்டாம். நாங்கள் இன்னும் கடலுக்கே போகவில்லை. மைசூர் விஜயநகரில் சௌம்யா வீட்டு மாடியில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறோம்.

2

சௌம்யா மைசூர்க்காரி. செந்தில்நாதன் கௌதள்ளி என்கிற கிராமம். நான் தூத்துக்குடி, இங்கே வேலைக்கு வந்து நாலு வருஷம். இந்த இருவரை விட்டால் என்னைத் தேடி வர இந்த ஊரில் ஆளில்லை. [இந்த வாக்கியம் அழுகிறது. அடிக்கலாம். இருக்கட்டும்.]

கார்வார் பக்கம் கடலில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகை ஓட்டி, தீவு தீவாகக் கூடாரம் போட்டுத் தங்க ஐந்து நாள் திட்டம். சௌம்யாவுக்கு ஒற்றைக் கயாக். இரட்டைக் கயாக்கில் பின்னால் செந்தில், முன்னால் நான். ஏரியில் பழகியபோது என் துடுப்பு படகைத் தள்ளியதைவிட அவனை நனைத்ததுதான் அதிகம்.

"கடல்காரன்னு நம்பி ஏத்துனேன் மாப்ள. நீ தோசை திருப்பற."

"சும்னெ இரு செந்தில்," என்றாள் சௌம்யா. "ரைட்டரு முன்னாடி உக்காந்து கதெ சொல்லட்டும். நாம தள்ளலாம்."

3

பட்டியல் மூன்று பக்கம். அரிசி, கயிறு, கொசுவத்தி, புளிகூட இருந்தது. குடிதண்ணீர் இல்லை. இவர்கள் இதுவரை கூடாரம் போட்டதெல்லாம் காவிரிக் கரையில். கை நீட்டினால் தண்ணீர். எங்கள் ஊரில் படகில் முதலில் ஏறுவதே தண்ணீர்க் கேன்தான்.

ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர். மூவருக்கு ஐந்து நாளைக்கு அறுபது. நான் இறங்கிக்கொண்டால் நாற்பது. அதை வைக்கவும் ஒரே இடம் என் இருக்கைதான். இரண்டே நாள் என்றால் மூவருக்கும் வேண்டியது படகுச் சந்து பொந்துகளில் அடங்கிவிடும். ஆனால் ஐந்து நாளுக்காக சௌம்யா ஒரு வருஷமாக லீவு சேர்த்து வைத்திருக்கிறாள்.

4

செந்தில் பாத்திரம் சரியாக வரவில்லை. கேலி மட்டும் பேசுகிறான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கௌதள்ளியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து ரசம் கொண்டுவந்தவன் அவன். அதை எழுதினால் நான் சொல்லாமல் இருந்தது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

எழுதிவிட்டேன்.

முடிவு ஒன்று: நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் தீவில், சௌம்யா வறண்ட உதட்டோடு

இல்லை. இதை என்னால் எழுதிக்கூடப் பார்க்க முடியவில்லை.

முடிவு இரண்டு, நேற்று நடந்தது.

"தண்ணி எழுதலையே," என்றேன்.

சௌம்யா மூன்று பக்கத்தையும் புரட்டினாள். "அய்யோ தேவரே! புளி இருக்கு, தண்ணி இல்ல."

"அங்க கெணறு கிணறு இருக்காதா?" என்றான் செந்தில்.

"அத நம்பிப் போக முடியாதுல. என் சீட்டுலதான் கேன் வைக்கணும்."

செந்தில் என் பக்கம் திரும்பினான்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"மூணு நாளா."

"இத வெச்சுக்கிட்டா மூணு நாளா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச? கிறுக்கா."

பட்டியலின் முதல் மூன்று வரிகள் எங்கள் பெயர்கள். நாலாவது, 'ஐந்து நாள்'. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌம்யா தலையசைத்தாள். செந்தில் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தான். எதை என்று நான் பார்க்கவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

"ரூமுக்குப் போயிப் பாரு."

5

இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் பிரித்துப் பாருங்கள். அடிபட்டிருப்பது என் பெயர் என்றால் சொல்ல வேண்டாம். அவர்கள் தாகமில்லாமல் போய் வரட்டும். நாட்கள் அடிபட்டிருந்தால் மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள். எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது.