கோம்போதோர்ஜ் கொண்டுவந்த மூக்கு

எங்கள் மங்கோலியக் கோபிப் பாலைவனத்தில் பக்கத்து வீடு என்றால் எட்டு கிலோமீட்டர். அதனால் எல்லோர் வீட்டிலும் பைனாகுலர் உண்டு. ஆடு தேட என்று சொல்லித்தான் வாங்குகிறோம். என் ஆடுகள் இப்போது எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செம்மண் சரிவில் கூடாரம் போட்டிருக்கும் எலும்புக்காரர்கள் எத்தனை மணிக்குப் பல் தேய்க்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பாதிப் பேர் ஜப்பான், பாதிப் பேர் எங்கள் தலைநகர் உலான்பாத்தர். டைனோசர் எலும்பு தேடும் கூட்டு ஆய்வாம். தோண்டுவது மட்டும்தான் கூட்டு. சாப்பாடு தனித்தனி: அவர்களுக்குக் கடற்பாசி, இவர்களுக்கு ஆட்டுக்கறி.

இந்தக் கூட்டத்துக்குத் தன் பழைய ரஷ்ய வேனை வாடகைக்கு ஓட்டுகிறவன் எங்கள் கோம்போதோர்ஜ். ஒருநாள் காலை பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனவன், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு டைனோசர் மண்டையோட்டைக் கண்டுபிடித்தான். எல்லாம் இருந்தது, மூக்கு நுனி மட்டும் இல்லை. ஜப்பான் பேராசிரியர் மோரினாகா சொன்னாராம்: மூக்கு கிடைத்தால்தான் புது இனமா பழைய இனமா என்று தெரியும், புதிது என்றால் கண்டுபிடித்தவன் பெயரையே வைத்துவிடலாம்.

அன்றிலிருந்து கோம்போ தரையில் நடக்கவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் அண்ணனின் குதிரை, வருஷா வருஷம் பந்தயம் நடக்கும் நாதம் திருவிழாவில் மூன்று முறை ஜெயித்தது; ஆயிரம் பேர் முன்னால் அண்ணன் பெயரைப் பாடினார்கள். இவனை ஐம்பது வயது வரைக்கும் "ஏய் டிரைவர்" என்பதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை.

எலும்புக்காரர்கள் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள்தான் பாக்கி. எல்லோரும் மண்ணில் மண்டிபோட்டு மூக்கைத் தேடிச் சலித்துக்கொண்டிருக்க, கோம்போ மட்டும் வேனுக்கடியில் கிடந்தான். சும்மா இருக்க முடியுமா? காய்ந்த தயிர்க்கட்டி நாலு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டேன்.

"என்னடா, உனக்குப் பேர் வாங்கித் தர்றவங்க முட்டி தேயத் தேடுறாங்க, நீ படுத்துக் கெடக்குற?"

"மூக்கு அங்க இல்லக்கா."

"பின்ன?"

"கணவாய் ஓவோல இருக்கு. நான்தான் வச்சேன்."

தயிர்க்கட்டி என் வாயிலேயே நின்றது. மலைக் கணவாயைக் கடக்கிற எவரும் ஓவோ என்கிற அந்தச் சாமிக் கல்குவியலை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கல்லாவது வைக்காமல் போவதில்லை. வசந்தத்தில் இவன் புழுதிப்புயலில் இரண்டு நாள் வழிதவறி அலைந்திருக்கிறான். எங்கேயோ ஒரு கல் காலில் இடறியிருக்கிறது. வண்டியில் போட்டுக்கொண்டவன், வழி கிடைத்ததும் நன்றிக்கு அதையே ஓவோவில் வைத்துவிட்டான்.

"ரெண்டு ஓட்டை, கீழ பல்லு மாதிரி வரிசை. அழகான கல்லுன்னு நெனச்சேன்க்கா."

"போய் எடுத்துட்டு வா."

"வச்சத எடுக்கவா? நீ ஊரெல்லாம் சொல்லிட மாட்ட?"

"சொல்லத்தான் செய்வேன்."

வேனுக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். "அதவிடப் பெருசா ஒண்ணு குடுத்துட்டு எடுத்தா?"

மறுநாள் காலை நான் பைனாகுலரை இறக்கவே இல்லை. கோம்போ ஓவோவை மூன்று முறை சுற்றினான். வோட்காவைக் கல்லுக்கு ஒரு வாய், தனக்கு ரெண்டு வாய் ஊற்றினான். நீலப் பட்டுத்துணி கட்டினான். பிறகு வேனுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து உச்சியில் வைத்தான்! மூக்கைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நடந்தே கூடாரத்துக்கு இறங்கினான்.

அவனுக்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மோரினாகா மூக்கை வாங்கி மண்டையோட்டில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். கழுதை முகத்தில் ஒட்டக மூக்கை ஒட்டினது போல இருந்தது. உலான்பாத்தர்க்காரர்களின் தலைவர் தாவாசம்பூதான் மொழிபெயர்த்தார்.

"பொருந்தலப்பா. பல்லு அளவே வேற, மூக்கு வேற மிருகத்தோடது. அதனால உன் மண்டையோடு புதுசுன்னு சொல்ல வழியில்ல."

கோம்போ ஓவோ இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். என் பக்கம் சாய்ந்து, "அக்கா, ஸ்டீயரிங்கத் திரும்ப எடுத்துக்கலாமா?" என்றான்.

"தொட்டுத்தான் பாரேன்."

மாஸ்கோவில் முனைவர் பட்டம் வாங்கிய தாவாசம்பூவே தலையை ஆட்டினார். "குடுத்தது குடுத்ததுதான்பா."

இதற்குள் மோரினாகா பூதக்கண்ணாடியை எடுத்திருந்தார். மூக்கைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார், படபடவென்று ஏதோ சொன்னார். தாவாசம்பூ அதைக் கத்தியே மொழிபெயர்த்தார்.

"இந்த மூக்கு இதுவரைக்கும் யாரும் பாக்காத ஒண்ணாம்டா! மிச்சத் தலை எங்க, இத எங்க எடுத்தன்னு கேக்குறார். அது கெடைச்சா உன் பேருதானாம்."

எல்லோரும் கோம்போவையே பார்த்தார்கள். வசந்தத்தில் அந்த இரண்டு நாள் புழுதி, கூடவே ஒரு புட்டி வோட்கா. கல்லை எடுத்தபோது எந்தத் திசையில் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

"தெரியும்," என்றான் கோம்போ. தெற்கே கை நீட்டினான். கொஞ்சம் யோசித்து, கையை மேற்கே நகர்த்தினான்.

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கணவாய்க்கு ஏறினோம், அங்கே நின்ற வேன் புறப்பட்டது. ஸ்டீயரிங் தண்டில் ஒரு பெரிய குழாய் ரெஞ்சை இறுக்கி, அதைப் பிடித்துத்தான் ஓட்டினான். பக்கத்தில் மோரினாகா, மடியில் பஞ்சு சுற்றிய மூக்கு. வண்டி ஒருமுறை வலப்பக்கம் போனது, ஒருமுறை இடப்பக்கம் போனது.

"அக்கா," என்றார் தாவாசம்பூ, "அவனுக்கு நெசமாவே எடம் தெரியுமா?"

"எனக்கெப்படிங்க தெரியும்," என்றேன். ஊர் விஷயம் எதையும் நான் இப்படி விழுங்கியது அதுவே முதல் தடவை.