மாப்பிள்ளையின் கைதட்டி

கீழக்கரையில் கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். ஹாஜா முகைதீன் பெட்டியோடு ஒரு மீன்தொட்டியையும் கொண்டு வந்தான்.

துபாயில் மீன்தொட்டிக் கடையில்தான் அவனுக்கு வேலை. ஊருக்கு வரும் வழியில் சென்னையில் ஒரு கடையில் இரண்டு ஆரஞ்சு மீன்களையும், பவளப்பூச்சிகள் ஒட்டிய சில கற்களையும் வாங்கி, ராமநாதபுரம் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். கல்யாண வீட்டுப் பந்தல் பிரிப்பதற்குள் கூடத்து மூலையில் தொட்டி எழுந்துவிட்டது. அடியில் மணல், மேலே நீல வெளிச்சம், பின்னால் சின்ன மோட்டார். கடல் தண்ணீர் கொண்டுவர தனுஷ்கோடி என்ற மீன்காரரை ஏற்பாடு செய்தான். டி.வி.எஸ். வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்தவர் தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“கடலு தெருக்கோடியிலதான இருக்கு. வீட்டுக்குள்ள எதுக்கு இன்னொண்ணு?”

“அதுல நீல லைட்டு போட முடியாதுல்ல அண்ணே,” என்றான் ஹாஜா.

கற்களில் ஒன்றில் சாம்பல் வெள்ளையில் ஒரு கொத்து இருந்தது. தண்டுகளின் நுனியில் குட்டிக் குட்டி உள்ளங்கைகள். அவை சும்மா இருக்காது. விரியும், மூடும், விரியும். யாருடைய பாட்டையோ கேட்டுத் தாளம் போடுவதுபோல் இருக்கும். பார்க்க வந்த பெண்கள் அதற்குக் ‘கைதட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் இங்கிலீஷ் பெயரை ஹாஜா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

இன்னொரு கல்லில் ஒரே ஒரு சிவப்புக் காளான் இருந்தது. காளான் என்றால் சாப்பிடுகிற காளான் இல்லை. அதே வடிவத்தில், கல்லோடு ஒட்டிக்கிடக்கிற ஒரு பவளப்பூச்சி. ஒரு ரூபாய் நாணயம் அளவு. தட்டாது, ஆடாது. வெளிச்சம் பட்டால் ஓரம் மட்டும் மெல்ல விரியும்.

கூடத்தில் யாரும் இல்லாத ஒரு நிமிஷத்தில் ஹாஜா அதைப் புதுப்பெண் லத்தீபாவுக்குக் காட்டினான்.

“கைதட்டி வர்றவங்க போறவங்களுக்கு. இது உனக்கு.”

கல்யாணத்துக்கு வந்த நகை, சேலை, பீரோ எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி ஊரே பார்த்தாகிவிட்டது. ஊர் பார்க்காமல் அவளுக்கு வந்தது அந்தக் காளான் ஒன்றுதான்.

லீவு முடிந்து அவன் போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும். லத்தீபாவின் உம்மா ஹமீதா பானு அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைப்பார். சின்னம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ராத்தா எல்லோரும் சலாம் சொல்வார்கள். கடைசியாக லத்தீபாவின் முறை வரும்போது இருபது காதுகள் காத்திருக்கும்.

“காளான் எப்படி இருக்கு?” என்பான் ஹாஜா.

“நல்லா இருக்கு மச்சான்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் வருவது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அது போதும்.

ரபியுல் அவ்வல் மாதம் பிறந்தபோது கைதட்டிக்கு என்னவோ ஆனது. ஒரு கல்லில் இருந்தது மூன்று கற்களுக்குப் போனது. பின்கண்ணாடியில் ஏறியது. மோட்டார் குழாயைப் பிடித்தது. திரும்பிய பக்கமெல்லாம் உள்ளங்கைகள். ஒரு நாள் மதியம் லத்தீபா குனிந்து பார்த்தபோது, காளான் இருந்த கல்லின் ஓரத்தில் நாலைந்து கைகள் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் காளானில் பாதிக்கு மேல் நிழல். ஓரம் விரியவில்லை.

“உம்மா, இதைக் கொஞ்சம் வெட்டி விடணும். என் காளானை மூடப்போகுது.”

உம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணை நின்றது.

“எதை வெட்டணும்?”

“கைதட்டியை.”

“மாப்பிள்ளை சாமான்ல கத்தி வைக்கப் போறியா நீ? அது பரக்கத்துடி. வந்த வீட்ல நல்லா இருக்குன்னுதான் இப்படிப் பெருகுது. பரக்கத்தை யாராவது வெட்டுவாங்களா?”

“அப்ப என் காளான்?”

“அது ஒரு பொட்டு. கெடக்கும் ஓரமா.”

மாப்பிள்ளை என்றால் உம்மாவுக்கு அப்படித்தான். அது 2008. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அது மின்விசிறிக்கு இல்லை, தொட்டிக்கு. சித்திரை வெயிலில் குடும்பமே விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் மீன்கள் மட்டும் சுகமாக நீந்தும். “அதுக்கு மூச்சு முட்டும்ல” என்பார் உம்மா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

உம்மா கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்த நாளில் லத்தீபா நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். தொட்டிக்குள் கையை விட்டுக் காளானைச் சுற்றி நின்ற தண்டுகளைக் கச்சக் கச்சக்கென்று வெட்டினாள். துண்டுகள் மிதந்தன. கையில் பிடித்தது போக மிச்சம் மோட்டார் ஓட்டத்தில் எங்கெங்கோ போனது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். காளானுக்கு வெளிச்சம் வந்தது. அவளுக்கும் வந்தது.

அந்தச் சந்தோஷம் வாரம் தாண்டவில்லை. வெட்டின தண்டெல்லாம் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. தப்பிப்போன துண்டு ஒவ்வொன்றும் போன இடத்தில் ஒட்டிக்கொண்டு தனிக் குடித்தனம் தொடங்கிவிட்டது. வெப்பமானியின் மேல்கூட ஒன்று நின்று கைதட்டியது. காளானை இப்போது காணவே காணோம்.

வெள்ளிக்கிழமை வந்தது.

“காளான் எப்படி இருக்கு?”

கூடம் காத்திருந்தது. நல்லா இருக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பின்னால் பெரியம்மா, “புதுப்பொண்ணுக்கு என்னமோ ரகசியம்டி!” என்று சிரிப்பது கேட்டது.

“மச்சான், செத்துப்போச்சோ என்னமோ. தெரியலை. மேலே உங்க கைதட்டி. வெட்டுனேன், இன்னும் கூடிருச்சு.”

“வெட்டினா பெருகும். அதை வேரோட உரிச்சு எடுக்கணும்” என்றான் ஹாஜா. “அது கெடக்கட்டும். இவ்வளவு வேகமா வளராதே அது. தண்ணியில சத்துக் கூடிப்போனாத்தான் இந்த ஆட்டம் ஆடும். மீனுக்கு எவ்வளவு தீனி போடுறே?”

“ஒரு சிட்டிகை. நீங்க சொன்ன மாதிரி.”

“மீன் எப்படி இருக்கு?”

லத்தீபா யோசித்தாள். “குண்டா இருக்கு.”

“எவ்வளவு குண்டு?”

“கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க இருந்த மாதிரி.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு அவள் படுக்கப் போகவில்லை. கதவிடுக்கில் நின்றாள். உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். கையில் மாப்பிள்ளைக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் தட்டு. அதில் இறாலை அம்மியில் அரைத்து உருட்டிய உருண்டைகள். தொட்டியின் மூடியைத் திறந்து, “பிஸ்மில்லாஹ்” என்று ஒவ்வொன்றாகப் போட்டார். மீன்கள் பாய்ந்து வந்தன. ஒரு உருண்டையைக் கைதட்டியின் நடுவில், குழந்தைக்கு ஊட்டுவதுபோல் வைத்து அமுக்கினார்.

“உம்மா!”

உம்மா திடுக்கிட்டாலும் தட்டை மறைக்கவில்லை. “என்ன உம்மா? எந்நேரமும் கையை விரிச்சு விரிச்சுக் கேக்குது. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா? மாப்பிள்ளை வீட்டுப் பொருள் நம்ம வீட்ல பட்டினி கெடந்துச்சுன்னு நாளைக்கு ஒரு சொல் வரலாமா?”

“அது கேக்கலைம்மா. அது மூச்சு விடுறது அப்படி.”

“ஆமா, நீ கண்டே.”

“தினமுமா போடுறீங்க?”

“வியாழக்கிழமை மட்டும் நண்டு.”

லத்தீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “இதுனாலதான் என் காளான் மூடிப்போச்சு. நிறுத்துங்க உம்மா.”

“மாப்பிள்ளை வாயால சொல்லட்டும். நிறுத்துறேன்.”

அதைத்தான் ஹாஜாவால் செய்ய முடியவில்லை. அவள் மிஸ்டு கால் கொடுத்து, அவன் திரும்பக் கூப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னபோது, “மாமிகிட்டயா? நானா?” என்று குரல் இறங்கியது. புது மாப்பிள்ளையாக இருந்த நாளெல்லாம் காலை இடியப்பத்திலிருந்து ராத்திரி தொதல் அல்வா வரை அவன் ஒரு முறைகூடப் போதும் என்று சொன்னதில்லை. சொல்லக்கூடாது. மாமியார் கையால் வைப்பதை மறுத்தால் அது வீட்டையே மறுத்த மாதிரி. துபாய்க்குத் திரும்பியபோது சட்டை எதுவும் அவனுக்குப் பத்தவில்லை.

“நீயே பக்குவமாச் சொல்லேன்.”

“சொல்லிட்டேன். உங்க வாயாலதான் வேணுமாம்.”

“மனசு சங்கடப்படுவாங்க லத்தீபா.”

“அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க காளானைக் கேக்காதீங்க,” என்றாள் அவள். “கைதட்டியைக் கேளுங்க. ரொம்ப நல்லா இருக்கு.”

வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில் சலாம்கள் முடிந்தன. ஹாஜா தொண்டையைச் செருமினான். ஒரு தடவை, இரண்டு தடவை.

“மாமி.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“அந்தத் தொட்டியில... நீங்க வைக்கிற சாப்பாடு...”

“பத்தலையா?”

“இல்ல மாமி. போதும்.”

கூடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். உம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும் மாமி,” என்றான் ஹாஜா மறுபடி. முதல் முறை சொல்வதுதான் கஷ்டம் போலிருக்கிறது. இப்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. “அதுக்கு வெளிச்சமே சாப்பாடு. நீங்க வைக்கிறது அதிகம். அதை எடுத்து ஒரே ஒரு கல்லுல மட்டும் விட்டு, அந்தக் கல்லை மணல் நடுவுல தனியா வைக்கணும். மணலைத் தாண்டி அது சுலபமாப் போகாது. மத்ததெல்லாம் லத்தீபாவோட காளானுக்கு எடம். நான்தான் சொல்றேன்.”

“உங்களுக்கும் நான் வெச்சது அதிகமா மாப்பிள்ளை?” என்றார் உம்மா.

கடல் தாண்டி அவன் வேர்ப்பது கேட்டதுபோல் இருந்தது.

“கொஞ்சம், மாமி.”

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

லத்தீபா ஒரு கைதட்டிக் கல்லை மட்டும் மணல் நடுவில் தனியாக நகர்த்தி வைத்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி, காளான் இருந்த கல்லை அதில் எடுத்து வைத்தாள். தண்ணீரை விட்டு எடுத்த கைகள் எல்லாம் சுருண்டு வழவழவென்று தொங்கின. நகத்தால் அடியைப் பிடித்து இழுத்தாள். பாதியில் பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது. பிய்ந்த அடி ஒவ்வொன்றும் நாளை ஒரு கொத்தாகும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

“தள்ளு.”

உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

“உன் கை இறாலுக்கே ஆகாது. இதுக்கு எப்படி ஆகும்?”

கீழே உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தைத் தண்டின் அடியில் கொடுத்து, இறாலின் குடலை உருவுகிற அதே பதத்தில் ஒரு மெல்லிய திருகு. கொத்து வேரோடு முழுசாக வந்தது. அடுத்தது. அடுத்தது. தட்டில் சாம்பல் குவியல் ஏறியது.

“இதை எங்கன போட? கடல்ல விட்டுட்டு வரச் சொல்லவா? உயிராச்சே.”

“வேண்டாம் உம்மா. இது நம்ம கடல்ல இல்லாதது. இங்கன ரெண்டடித் தொட்டியில இந்தப் பாடு படுத்துது. அங்கன போனா? மாடி வெயில்ல காயப் போட்டுரலாம்.”

உம்மா ஒரு கணம் தொட்டியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

கல்லின் கடைசிப் பிளவில் ஒட்டியிருந்த கொத்தை உரித்தபோது, அடியில் மிளகு அளவில் ஏதோ தெரிந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது. வெளுத்துப்போன ஒரு நிறம்.

“இதுவா?” உம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “இத்தனூண்டு பொருளுக்காகவா என் மாப்பிள்ளையை அந்தப் பேச்சுப் பேச வெச்சே?”

“ஆமா.”

“செத்துக்கெடக்கு.”

லத்தீபா ஈர விரல் நுனியால் அதைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. இன்னும் மெல்ல, ஓரத்தில் தொட்டாள். அது தன்னை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

“சுருங்குது உம்மா!”

“எங்க?” உம்மா தலையோடு தலை முட்டும்படி குனிந்தார். “இன்னொரு தரம் தொடு.”

“வேண்டாம். பயப்படும்.”

உம்மா கல்லை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய், தொட்டியில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடி கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம் மணலில் தனியாக இருந்த கைதட்டிக் கல்லின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“நீ அங்கனயே இரு,” என்றார் அதனிடம்.