‘ரி’ன்னா என்ன அர்த்தம்?

பக்கவாதம் வந்து படுத்த பாட்டு டீச்சர், மருத்துவமனையில் ஒரு காலையில் வாயைத் திறந்தார். கட்டிலருகே கணவரும் மகளும் நின்றிருந்தார்கள். "சா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரீ, கா, மா, பா, தா, நீ" என்று மேலே ஏறி, மேல் ‘சா’வைத் தொட்டு நிறுத்தினார். உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சுருதி மட்டும் இம்மி பிசகவில்லை.

மகள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "அம்மாவுக்குப் பேச்சு வந்துடுச்சுப்பா!"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது என நாக்குக்குப் பழகிப்போனவை சிலருக்கு அடிபடாமல் தங்கிவிடும் என்றார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பையும் இந்த ஏழு எழுத்தில்தான் ஆரம்பித்தவர். அது நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாம் சொல்வது அவருக்குப் புரியும். சொல்ல நினைப்பதும் மனதில் இருக்கும். வார்த்தைதான் வராது. பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், பொறுமை வேண்டும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லோரும் அவரை ‘லிஃப்ட்காரர்’ என்றே கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில், "உங்களுக்குச் சுரம் ஏதாவது தெரியுமா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்ச சுரம் காய்ச்சல் மட்டும்தான்" என்று சொன்னவர். அன்றிலிருந்து மனைவி பாட உட்கார்ந்தால், இவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதில் சண்டை எதுவும் இல்லை. அவரவர் வேலை அவரவருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு டீச்சர் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அந்த ஏழில் ஏதோ ஒன்றுதான் வந்தது. லிஃப்ட்காரர் மனம் தளரவில்லை. எந்த இயந்திரத்துக்கும் ஒரு வயரிங் படம் இருப்பதுபோல இதற்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கும் என்று நம்பினார். அவர் தேடியது கிடைத்த மாதிரியும் இருந்தது. "சா, ரீ" என்றால் ‘சரி’. "தா" என்றால் ‘கொடு’.

"நீ, தா, பா" என்றார் டீச்சர் ஒரு நாள் மதியம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"நீ தாப்பான்னு கேக்குறா!" லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். டீச்சர் தலையைத் திருப்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடி, போர்வை, டிவி ரிமோட், ஆப்பிள் துண்டு என்று வரிசையாக வந்தன. கட்டிலே கடை பரப்பினாற்போல் ஆனது. கடைசியில் டீச்சர் நல்ல கையால் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். டம்ளர் தரையில் உருண்டது.

மகள் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, அம்மா என்ன உங்களுக்கு விடுகதையா போடுறாங்க? சும்மா இருங்களேன்" என்றாள்.

"சும்மா இருந்தா எப்படிம்மா தெரியும்?"

"தெரியாட்டி தெரியலன்னு விடுங்கப்பா. அவங்கள இப்படிப் பாடாப் படுத்தாதீங்க."

அன்றோடு டீச்சர் வாயை மூடிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் வாய் திறக்கும், மூடும். சத்தம் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடமும் ஒத்துழைக்கவில்லை. அர்த்தமில்லாத அந்த ஏழு எழுத்தாவது காதில் விழுந்துகொண்டிருந்த வீடு இப்போது மின்சாரம் போன லிஃப்ட் மாதிரி நின்றுவிட்டது. லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரோடு அதே பள்ளியில் வேலை பார்த்த வயலின் டீச்சரைத் தேடிப் போனார். பிள்ளைகள் போன பிறகு, அவர் மட்டும் இசை வகுப்பில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. அக்கா எப்படி இருக்காங்க?"

நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்கதாம்மா சொல்லணும். இந்த ‘ரி’ன்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லையேண்ணா. ‘ச’வுக்கு அடுத்த படி ‘ரி’. அவ்வளவுதான்."

"அப்ப ‘ச’ எங்க இருக்கு?"

"எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம். அவங்கவங்க குரலுக்கு எது வசதியோ அதுதான் சுருதி. அங்க ‘ச’வை வெச்சுட்டா, மத்த சுரம் எல்லாம் அதை நம்பித்தான் நிக்கும். கீழேயிருந்து மேல போனா ஆரோகணம். மேலேயிருந்து இறங்கினா அவரோகணம்."

"மேல ஒரு ‘ச’ இருக்கே? ஆஸ்பத்திரியில அதுலதான் கொண்டுபோய் நிறுத்தினா."

"அதுவும் இதே ‘ச’தான். ஒரு ஸ்தாயி மேல."

லிஃப்ட்காரருக்கு இது பிடிபட்டது. தளம் மாறினாலும் கதவு அதே கதவு. ஆனால் அவர் வந்தது அகராதிக்கு. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், "அப்ப அன்னிக்கு ‘நீ தாப்பா’ன்னாளே, அது?" என்றார்.

வயலின் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நி, த, ப. அது அவரோகணம்ணா. அக்கா மேலேயிருந்து இறங்கியிருக்காங்க."

வயலினை எடுத்தார். எதுவும் சொல்லாமல் ஒரு சிறு இழுப்பு இழுத்தார். அது மேலே ஏறி, அங்கேயே நின்றது.

"இப்ப நான் என்ன பண்ணேன்?"

"ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

இன்னொன்று வாசித்தார். மெதுவாக இறங்கி, கீழே வந்து அமர்ந்தது.

"இது?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "அசந்துபோய், போதும்னு சொன்ன மாதிரி இருக்கும்மா."

"எனக்கும் உறுதியாத் தெரியாதுண்ணா. ஆனா எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. அது ஏறுதா இறங்குதான்னு கேட்டுப் பாருங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லிஃப்ட்காரர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சா..." என்று ஆரம்பித்தார். "ரீ... கா... மா..."

எல்லாமே ஒரே இடத்தில் நின்றன. ‘மா’ கொஞ்சம் கீழே சரிந்தது.

டீச்சரின் முதுகு லேசாக அசைந்தது. லிஃப்ட்காரர் விடவில்லை, மறுபடி சா, ரீ என்றார். எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பேரின் கோணல் குரலைக் கேட்டுப் பழகிய காது அது! மூன்றாவது தடவை பொறுக்க முடியவில்லை. டீச்சர் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பி, விரலை உயர்த்தி, "ரீ!" என்றார். கணீரென்று, அது நிற்க வேண்டிய இடத்தில்.

"ரீ" என்றார் கணவர்.

"ரீ!" விரல் இன்னும் மேலே போனது.

"இதுக்கு மேல போனா கயிறு அறுந்துடும்டி!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அவர் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு லிஃப்ட்காரர் எழுத்தைக் கேட்பதை விட்டார். சத்தம் ஏறி நின்றால் மனைவி எதையோ கேட்கிறார். குட்டையாக, அடியில் விழுந்தால் ‘வேண்டாம்’ என்கிறார். ஒரே இடத்தில் நடுங்கினால் பயம். பாதி நேரம் தப்பாகத்தான் புரிந்தது. ஆனால் தப்பு என்பதும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், டம்ளர் பறக்கவில்லை.

அவரை உறுத்தியது வேறொன்று. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, "என்ன, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டால், டீச்சர் "ஒண்ணுமில்லைங்க" என்பார். இவரும் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த ‘ஒண்ணுமில்லை’ காதுக்குள் வருகிறது. மேலேயிருந்து மெதுவாக இறங்கி, கீழே போய் உட்கார்ந்துவிடும் ‘ஒண்ணுமில்லை’. வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை எல்லாம் கீழே போட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் கேட்டேவிட்டார். "அப்பல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லுவியே, நிஜமாவே ஒண்ணுமில்லையா?"

டீச்சர் நல்ல கையால் அவர் சட்டைக் காலரை நேராக்கிவிட்டு, அதைப் பிடித்தபடியே இருந்தார்.

பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் லிஃப்ட்காரர் இதையெல்லாம் சொன்னார். சின்னச் சின்ன வார்த்தைகளை மெட்டில் ஏற்றிச் சொல்லவைக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதை ஆரம்பிக்கலாம் என்று அவள் உற்சாகமானாள். டீச்சரும் இம்முறை முகத்தைத் திருப்பவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ‘வேணாம்’ வந்தது. பிறகு ‘தண்ணி’. மகளின் செல்லப்பெயர் வந்தபோது மகள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ‘என்னங்க’ மட்டும் இழுத்தடித்தது. ‘என்’ வரை வந்து நின்றுவிடும். நிறைய வார்த்தைகள் வரவே இல்லை. இனி வருமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சண்டைச் சத்தம் கேட்டது. கூடத்துச் சுவரில் அப்பா புதிதாக ஒரு அலமாரி அடித்திருப்பார் போலிருக்கிறது.

"நேராத்தான் இருக்கு. மட்டம் வெச்சுப் பார்த்துட்டேன்."

"மா, கா, ரீ!"

"உன் கண்ணுதான் கோணலு."

"வேணாம்! பா, மா, கா, ரீ, சா!"

"சரி, சரி, கழட்டுறேன். இதுக்கு ஏன் கீழ்த்தளம் வரைக்கும் இறங்குறே?"

மகள் கழற்றிய செருப்பைச் சத்தமில்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டாள். தெருமுனைக் கடையில் வாங்க எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று படியிறங்கினாள்.