நெஞ்சு நடுவில் பட வேண்டும்

பட்டாபிராமில் குடியிருக்கும் பஞ்சவர்ணத்துக்கு அம்பத்தூரில் கார் மோதல் சோதனைக்கூடத்தில் வேலை. பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட வேண்டும். பொம்மைக்குள் எஃகு விலா எலும்புகள் உண்டு. மோதும்போது பெல்ட் அழுத்தி மார்பு எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று நெஞ்சு நடுவிலுள்ள கருவி சொல்லிவிடும். எண் குறைந்தால் நல்லது.

அன்று ஐந்தடிகூட இல்லாத பெண் பொம்மைக்குச் சோதனை. போன முறை முப்பத்தைந்து வந்த எண், இப்போது இருபத்திரண்டு. எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றிய பஞ்சவர்ணம் மட்டும் தயங்கி நின்றாள். பெல்ட் உரசிய தடம் நெஞ்சில் இல்லை, கழுத்தோரம் இருந்தது. இன்ஜினியர் பார்த்தசாரதியிடம் காட்டினாள். அவர் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மோதிய நொடியில் பெல்ட் கழுத்துப் பக்கம் ஏறியிருந்தது. நடுவில் அழுத்தமே விழாததால் கருவி குறைத்துச் சொல்லியிருந்தது. பெல்ட்டின் மேல் பிடியை இறக்கி மறுபடி செய்தபோது முப்பத்து மூன்று வந்தது. இதுதான் நிஜம் என்று சொல்லி, அவர் அதையே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அவளை அழைத்துப் போகக் கணவன் முனியன் தன் கால் டாக்ஸியில் வந்தான். வழக்கம்போல் பெல்ட்டை அக்குளுக்கடியில் விட்டிருந்தான். அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டவள், இன்று திட்டவில்லை.

"கய்த்துல உரசுதாய்யா?"

வண்டியைக் கிளப்பப் போனவன் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"ஆமா. சொன்னா குள்ளன்னு ஸ்டாண்டுல கலாய்ப்பானுங்க. அதான் உன்னாண்டகூட சொல்லல."

பஞ்சவர்ணம் இறங்கிப் போய் அவன் பக்கக் கதவைத் திறந்தாள். கதவையொட்டிய தூணிலிருந்த பெல்ட் பிடியை அமுக்கி இரண்டு படி கீழே இறக்கினாள். மூன்று வருடமாக ஓட்டுகிறான், அது நகரும் என்றே அவனுக்குத் தெரியாது. பெல்ட்டைத் தோள் நடுவே படியவிட்டு, நெஞ்சு வழியாக உள்ளங்கையால் நீவினாள்.

"இன்னாமே, ரோட்டுல..."

"சும்மா குந்து."

ஆவடி தாண்டும்வரை அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தான். தன் உசரத்தில் அங்கே பொம்மை உண்டா என்று கேட்டான். "கீது" என்றாள். அது பொம்பளை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுவாரம் பாடி டாக்ஸி ஸ்டாண்டில், நெட்டையான டிரைவர் கிருபாகரனின் காரில் பெல்ட் பிடியைத் தானே மேலே ஏற்றிவிட்டு, காரணத்தையும் அரை மணி நேரம் விளக்கிவிட்டு வந்தான் முனியன்.