முடிச்சு உள்ள பலகை

மரக்கடையில் பலகைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. புது அலமாரிக்காகத் தச்சர் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்.

"புது மரம் ஒரு மழைக்காலம் முழுக்க உப்பிச் சுருங்கி ஆடும்மா. வீட்ல இருக்கற அலமாரியப் பிரிச்சா, நல்லா காஞ்ச மரம். சொன்ன பேச்சக் கேக்கும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த ரம்பத்தைப் பார்த்தான். வீட்டிலிருக்கும் அலமாரி அக்காவுடையது. அக்கா இறந்துபோன பிறகு அக்காவின் வீட்டுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அன்று கொண்டுவந்த பெட்டியிலிருந்துதான் இன்றும் புடவை எடுத்துக் கட்டுகிறாள். அலமாரியின் கதவு எத்தனை முறை சாத்தினாலும் சற்று நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். கொண்டி தேய்ந்துவிட்டது என்பான் கணவன். இருக்கலாம்.

"பழசு வேண்டாம்ணே. எனக்குன்னு புதுசா ஒண்ணு."

கடைசி வரிசையில் இளஞ்சிவப்பாக ஒரு பலகை, தண்ணீரில் காற்றடித்தாற்போல் ரேகைகளோடு நின்றது. நடுவில் கறுப்பாக ஒரு முடிச்சு. அவளையறியாமல் பலகையில் கையூன்றிக் குனிந்து அதில் மூக்கை வைத்தாள். நிமிர்ந்தபோது தச்சர் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. உங்க அக்காவும் இதே மாதிரிதான் மோந்து பாத்தாங்க. மரம் வாங்க வந்தீங்களா, பூ வாங்க வந்தீங்களான்னு நான்கூட கேலி பண்ணினேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "பிளைவுட்டே போட்டுடலாம்."

"போடலாம். பசை நாத்தம் மட்டுந்தான் வரும்."

வெள்ளை பிளைவுட் அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றாள். எதுவுமே பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே போனால், அதுவும் அக்கா சொல்லி நடப்பதுதானே? திரும்பி அந்தப் பலகையிடமே வந்தாள்.

தச்சர் காதிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்தார். "எந்தப் பக்கம் வெளிய வரணும்? சொன்னா குறி போட்டுடறேன்."

"மாமா," என்றாள். அவன் அக்காவின் கணவனாக இருந்தபோது கூப்பிட்ட அதே வார்த்தை. வேறு எதுவும் நாக்கில் ஏறவில்லை. "அக்கா எதச் சொன்னா?"

வெகுநாள் கழித்து அவன் அக்காவைப் பற்றி வாய் திறந்தான். "முடிச்சு உள்ள போகட்டும்னா. யாரோ முழிச்சுப் பாக்கற மாதிரி இருக்காம்."

"அப்ப இதுல வெளியவே இருக்கட்டும்."

தச்சர் முடிச்சின் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வண்டியில் பலகையைக் கிடத்தி, பக்கத்திலேயே அவள் உட்கார்ந்தாள். கணவன் முன்னால் ஓட்டுநரோடு ஏறிக்கொண்டான். தெருத் திருப்பத்தில் வண்டி குலுங்கியது. பலகை நகராமலிருக்க முடிச்சின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். நிழலில் கிடந்த மரம். ஆனாலும் அந்த இடம் மட்டும், அப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல், வெதுவெதுப்பாக இருந்தது.